ஏழரைச் சவரன் ஜாமீன்

ஒரு குற்றத்தைத் தடுக்கச் சட்டம் வருகிறது. வந்தபின் எண்ணிப் பார்த்தால் குற்றம் கூடியிருக்கிறது. பழைய ஆவணங்களோடு காலம் தள்ளுபவர்களுக்கு இப்படியொரு கணக்கு கண்ணில் பட்டால் அதை விட்டுவிட மனம் வராது.

பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எலினார் ராத்போன் இந்தியக் குழந்தை மணம் பற்றி 1934-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் வரும் கணக்கின்படி, 1921-ல் இந்தியாவில் பதினைந்து வயதுக்குட்பட்ட மனைவிகள் சுமார் 85 லட்சம் பேர். 1931-ல் அது 1 கோடியே 22 லட்சம். ஐந்து வயதுகூட நிரம்பாத மனைவிகள் கிட்டத்தட்ட நான்கு மடங்காகியிருந்தார்கள். இந்த இரண்டு கணக்கெடுப்புக்கும் நடுவே, 1930 ஏப்ரல் 1 அன்று, குழந்தை மணத் தடைச் சட்டம் அமலுக்கு வந்தது. தமிழ்நாட்டில் சாரதா சட்டம் என்று பேசப்பட்டது இதுதான். பெயரைக் கேட்டு யாரோ ஒரு அம்மையார் கொண்டுவந்ததாக இன்றும் நினைப்பவர்கள் உண்டு. கொண்டுவந்தவர் அஜ்மீரைச் சேர்ந்த ஹர் பிலாஸ் சார்தா. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று அந்தச் சட்டம் வயது வைத்தது.

தடுக்க வந்த சட்டம் ஏன் தடுக்கவில்லை என்பது என் கேள்வி. ஜனங்கள் கேட்கவில்லை, வைதிகர்கள் எதிர்த்தார்கள், வெள்ளைக்காரன் கண்டுகொள்ளவில்லை என்று வழக்கமாக மூன்று பதில்கள் கிடைக்கும். மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் சட்டத்தின் வாசகத்தை யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. அங்கிருந்து தொடங்கலாம் என்று நினைத்தேன்.

அதற்கு முன்பு அந்தக் கணக்கையே சோதிக்க வேண்டியிருந்தது. 1931 சென்சஸின் அகில இந்திய அறிக்கையை எழுதியவர் ஜே.எச். ஹட்டன். அட்டவணைகளுக்குப் போகும் முன் அவற்றை எப்படித் தயாரித்தார்கள் என்ற பகுதியைப் படிக்க வேண்டும். பலரும் தாண்டிப்போகும் பக்கங்கள் அவை. அந்த முறை வயதைக் கேட்ட விதமே மாறியிருந்தது. முன்பெல்லாம் நிறைவான வயதை எழுதினார்கள். 1931-ல் கிட்டத்தில் இருக்கும் பிறந்தநாளை வைத்து எழுதி, பிறகு கணித முறையில் சீராக்கிப் பிரித்தார்கள். ஆக, 1921-ம் 1931-ம் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டவை அல்ல. இதற்கு மேல், சென்சஸைப் புறக்கணிக்கும்படி காங்கிரஸ் சொல்லியிருந்தது. புதுச் சட்டத்துக்குப் பயந்து, கட்டிக்கொடுத்த பெண்ணைக் கன்னி என்று சொன்ன வீடுகளும் இருந்திருக்கும். ‘நான்கு மடங்கு’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் கூடியது என்பதில் ஹட்டனுக்கே சந்தேகம் இல்லை. காரணத்தையும் அவரே சொல்கிறார்: சட்டம் வரப்போகிறது என்று தெரிந்ததும் நடந்த அவசரக் கல்யாணங்கள்.

அவசரத்துக்கு அவகாசம் தந்தது யார்? மத்திய சட்டசபையில் மசோதா 1929 செப்டம்பரில் 67-க்கு 14 என்ற வாக்கில் நிறைவேறியது. அக்டோபர் 1-ல் வைஸ்ராயின் ஒப்புதல் கிடைத்தது. அமல் தேதியை 1930 ஏப்ரல் 1 என்று சட்டமே வைத்துக்கொண்டது. கோப்பில் பார்த்தால் வெறும் ஆறு மாதம். பஞ்சாங்கத்தில் பார்த்தால் வேறு விஷயம். அது சுக்ல வருஷம். புரட்டாசி நடுவில் ஒப்புதல். பிறகு ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்கள். மார்கழி கழிந்ததும் தை, மாசி. பங்குனி மூன்றாம் வாரத்தில்தான் சட்டம் வருகிறது. ஒரு முழுக் கல்யாண சீசனையும் வெளியே விட்டுவிட்டு, நிதியாண்டு தொடங்கும் நாளில் சட்டம் கதவைச் சாத்தியது. நான்கைந்து வருடம் கழித்துச் செய்யவிருந்த கல்யாணத்தையும் அந்த சீசனிலேயே முடித்துவிட்டார்கள். பதினோரு மாதம் கழித்து, 1931 பிப்ரவரி 26 அன்று, சென்சஸ்காரர்கள் அந்தப் பிள்ளைகளின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினார்கள்.

சென்சஸ் எண் ஏறியதற்கு இது விடை. 1930 ஏப்ரலுக்குப் பிறகும் சட்டம் ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு இது விடை அல்ல.

பந்தல் போட்டு நடக்கும் குற்றம்

அடுத்த தடம் ஜோஷி கமிட்டி. சர் மோரோபந்த் ஜோஷி தலைமையில் 1928-ல் அமைந்து 1929-ல் அறிக்கை தந்த குழு அது. நம் ஏ. ராமசாமி முதலியார் அதில் உறுப்பினர். ராமேஸ்வரி நேருவும் இருந்தார். தாம்பத்தியத்தில் சம்மத வயதுச் சட்டம் எப்படி நடக்கிறது என்று பார்ப்பது அதன் வேலை. கல்கத்தாவில் பூல்மோனி தாசி என்ற பத்துப் பதினொரு வயதுச் சிறுமி கணவனால் இறந்த பிறகு, 1891-ல் அந்த வயது பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்ந்தது, 1925-ல் பதின்மூன்றானது. நாட்டில் பெரும்பாலானவர்களுக்கு அப்படியொரு சட்டம் இருப்பதே தெரியாது என்பதைத்தான் கமிட்டி ஊர் ஊராகப் போய்க் கண்டது.

கமிட்டியின் வாதம் தெளிவானது. படுக்கையறையில் நடப்பதை யார் பார்க்கிறார்கள்? சாட்சி இல்லாத குற்றத்தை எந்தக் கோர்ட்டும் பிடிக்க முடியாது. அதனால் கல்யாணத்தையே குற்றமாக்குங்கள். அது நாலு பேர் அறிய நடப்பது. இந்த வாதம் தமிழ் வாசகருக்குச் சட்டென்று புரியும். பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, நாகஸ்வரம் வைத்து, ஊரையே கூட்டி நடத்தும் ஒன்றை மறைக்க முடியுமா? இதைவிட எளிதாகப் பிடிபடக்கூடிய குற்றம் இருக்க முடியாது.

ஆனாலும் பிடிபடவில்லை. எனவே ரகசியம் காரணம் அல்ல. வேறு எங்கோ ஓட்டை இருந்தது.

அடிக்குறிப்புகள் சொன்ன சாட்சியம்

பழைய சட்டங்களைப் படிக்க ஒரு வழி உண்டு. பின்னாளில் அச்சான பிரதியை எடுத்து, ‘நீக்கப்பட்டது’, ‘சேர்க்கப்பட்டது’, ‘மாற்றப்பட்டது’ என்று சின்ன எழுத்தில் இருக்கும் அடிக்குறிப்புகளை மட்டும் முதலில் பார்க்க வேண்டும். அரசாங்கம் எதைத் திருத்தியதோ அது ஒழுகியிருக்கிறது என்று பொருள். சாரதா சட்டம் 1938, 1949, 1978 என்று திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டது. அடிக்குறிப்பு தங்கிய இடங்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு 1929-ன் மூல வாசகத்துக்குத் திரும்பினேன். பெரும்பாலான குறிகள் தண்டனைப் பிரிவுகளைத் தாண்டி, யாரும் அதிகம் படிக்காத கடைசிப் பிரிவுகளில் விழுந்திருந்தன.

தண்டனை எப்படி என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கட்டிக்கொள்ளும் இருபத்தொரு வயதுக்கு மேற்பட்ட ஆணுக்கும், நடத்திவைக்கும் புரோகிதருக்கும், பெற்றோருக்கும் ஒரு மாதம் வரை வெறுங்காவல், அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெண்களுக்குச் சிறை கிடையாது. தெரியாமல் செய்தேன், வயது வந்த பெண் என்றே நம்பினேன் என்று நிரூபித்தால் புரோகிதர் தப்பலாம். படிக்கும்போது கண்டிப்பாகத்தான் இருக்கிறது. அடுத்து வரும் பிரிவுகளில்தான் கதை மாறுகிறது.

எட்டாவது பிரிவு: வழக்கை விசாரிக்க உரிமை பிரசிடென்சி மாஜிஸ்திரேட்டுக்கும் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கும் மட்டும். மாவட்ட மாஜிஸ்திரேட் என்றால் கலெக்டர். மாயவரம் பக்கத்துக் கிராமத்தில் நடந்த கல்யாணத்துக்குத் தஞ்சாவூர்க் கலெக்டர் வரை போக வேண்டும். கிட்டத்தில் இருக்கும் சப்-மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை.

ஒன்பதாவது பிரிவு: யாராவது புகார் கொடுத்தால்தான் கோர்ட் அதைக் கவனிக்கலாம், அதுவும் கல்யாணம் நடந்த ஒரு வருடத்துக்குள். போலீஸ் தானாக வழக்குப் போட முடியாது. ஸ்டேஷனுக்கு எதிரே பந்தல் போட்டாலும் ஏட்டையா வேடிக்கைதான் பார்க்கலாம். இந்தச் சட்டத்தின் கதையைப் போலீஸ் கட்டுகளில் தேடிப் பயனில்லை என்பதற்கும் இதுவே காரணம். போலீஸுக்கு இதில் வேலையே வைக்கவில்லை.

பத்தாவது பிரிவு: புகார் வந்தாலும் எதிராளிக்குச் சம்மன் போகுமுன் பூர்வாங்க விசாரணை.

பதினோராவது பிரிவில்தான் நான் அதிகம் நின்றேன். புகார் கொடுத்தவரை விசாரித்து முடித்ததும், அவரிடம் நூறு ரூபாய் வரை ஜாமீன் பத்திரம் எழுதி வாங்க வேண்டும் என்று அது கோர்ட்டுக்குச் சொல்கிறது. வேண்டாம் என்று விட மாஜிஸ்திரேட் நினைத்தால் அதற்குத்தான் காரணம் எழுத வேண்டும். வழக்குப் பொய்யென்றோ வீணென்றோ முடிவானால் எதிராளிக்கு நஷ்டஈடு தர அந்தப் பணம். பத்திரம் கொடுக்காவிட்டால் புகார் தள்ளுபடி.

நூறு ரூபாய் அன்று எவ்வளவு? 1927 நாணயச் சட்டப்படி ஒரு சவரனுக்கு அரசாங்கம் வைத்த மதிப்பு 13 ரூபாய் 5 அணா 4 பை. வகுத்துப் பார்த்தால் நூறு ரூபாய் சரியாக ஏழரைச் சவரன். குழந்தையைக் கட்டிக்கொடுத்தவர் கையை வீசிக்கொண்டு வீட்டில் இருக்கிறார். அது தப்பு என்று சொல்லப் போனவர் ஏழரைச் சவரனுக்குப் பிணை எழுதுகிறார்.

அப்படிச் சொல்லக்கூடியவர் யார் என்றும் பார்க்க வேண்டும். சென்னை மாகாணத்தில் பருவமடைவதற்கு முன்பே கட்டிக்கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் முக்கியமாகப் பிராமணக் குடும்பங்களில் இருந்தது. வேறு சில சாதிகளிலும் உண்டு. அக்கிரஹாரத்துக் கல்யாணத்தின் விவரம் தெரிந்தவர் அதே அக்கிரஹாரத்துக்காரர். பங்காளி, சம்பந்தி, எதிர்வீட்டு மாமா. பெண்ணுக்கு ஒன்பது வயது என்று சாட்சி சொன்னால் அடுத்த வீட்டு விசேஷத்தில் அவருக்கு இலை விழாது. வெளித்தெருக்காரர் போய்ச் சொன்னால் பகை, பழி, தோற்றால் நஷ்டஈடு. புகார் கொடுப்பவருக்கு நேரக்கூடியது எவ்வளவு கொடியது என்பதை நாடு வெகு காலம் கழித்து ராஜஸ்தானில் பார்த்தது. அரசின் மகளிர் திட்ட ஊழியர் பன்வாரி தேவி 1992-ல் ஒரு கைக்குழந்தையின் கல்யாணத்தை நிறுத்த முயன்றார். அதற்காகவே கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். பணியிடப் பாலியல் தொல்லை பற்றிய 1997-ன் விசாகா தீர்ப்பு அந்த வழக்கின் அடியாகப் பிறந்தது.

பெயர் இல்லாத பிறப்பு

சரி, ஒருவர் துணிந்து ஜாமீனும் எழுதிக்கொடுத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். இனி வயதை நிரூபிக்க வேண்டும்.

சென்னை மாகாணத்தில் 1899-லேயே பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்துவிட்டது. கிராமத்தில் மணியக்காரர் எழுதிய பழைய பிறப்புப் பதிவேட்டை ஒருமுறை புரட்டியவருக்கு விஷயம் விளங்கும். தேதி, தகப்பன் பெயர், சாதி, ஆணா பெண்ணா என்ற விவரம் எல்லாம் இருக்கும். பிள்ளையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. பெயர் வைக்குமுன் பதிவு ஆகிவிடும். பிறகு வந்து பெயரைச் சேர்ப்பார் இல்லை. ஒரு தகப்பனுக்கு நான்கு பெண்கள் என்றால் நான்கு வரிகள், நான்கிலும் ‘பெண்’. பந்தலில் உட்கார்ந்தவள் இரண்டாவது வரியா மூன்றாவது வரியா என்று எப்படிக் காட்டுவது? மூத்தவள் பிறந்த தேதியை இளையவளுக்குச் சொன்னால் மறுக்கப் பதிவேட்டில் எதுவும் இல்லை.

மிச்சம் இருப்பது ஜாதகம். அது பெண்வீட்டார் பெட்டியில் இருக்கும். எழுதியவர் குடும்ப ஜோசியர். பொருத்தத்துக்காக நட்சத்திரத்தையே மாற்றி எழுதும் ஊரில் வருஷத்தை மாற்றுவது பெரிய காரியமா? பிறப்புப் பதிவைச் சீராக்கி, வயதோடு கல்யாணப் பதிவேடும் வைக்க வேண்டும் என்று ஜோஷி கமிட்டி சொல்லியிருந்தது. சாரதா சட்டத்தில் வயது இருக்கிறது, பதிவேடு இல்லை.

கோதாவரிக் கரையில் ஒரு கல்யாணபுரம்

முதல் பிரிவிலும் ஒரு அடிக்குறிப்பு இருந்தது. 1929 சட்டம் செல்லுபடியானது பிரிட்டிஷ் இந்தியா முழுவதும். அதாவது சுதேச சமஸ்தானங்களில் இல்லை, பிரெஞ்சு இந்தியாவில் இல்லை. மைசூரும் பரோடாவும் முன்பே தங்களுக்கென்று சட்டம் செய்திருந்தன. மைசூர்ச் சட்டம் 1894-ஐச் சேர்ந்தது. அது முக்கியமாக எட்டு வயதுக்குட்பட்ட பெண்களின் கல்யாணத்தைத் தடுத்தது.

காக்கிநாடாவுக்குப் பக்கத்தில் கோதாவரிக் கரையில் இருக்கும் ஏனாம் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில். சுற்றியிருந்த பிரிட்டிஷ் மாவட்டங்களிலிருந்து தெலுங்குக் குடும்பங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே போய்த் தாலி கட்டித் திரும்பின. ஊருக்குக் கல்யாணபுரம் என்றே பெயர் வந்துவிட்டது. அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் புதுச்சேரியும் காரைக்காலும் இருந்தன. பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898 முதல் ரயிலும் இருந்தது. 1938-ல் வந்த திருத்தங்கள் இந்தியாவின் எந்த மூலையில் இருந்தாலும் பிரிட்டிஷ் பிரஜைக்குச் சட்டம் பொருந்தும் என்று சேர்த்தன. நடக்கப்போகும் கல்யாணத்தை நிறுத்தத் தடையுத்தரவு போடும் அதிகாரத்தையும் அப்போதுதான் கோர்ட்டுக்குக் கொடுத்தார்கள். அதுவரை இந்தச் சட்டத்தால் ஒரு கல்யாணத்தை நிறுத்தவே முடியாது. முடிந்தபின் தண்டிக்கலாம், அவ்வளவுதான்.

தண்டித்தாலும் கல்யாணம் நிற்கும். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை. சார்தா 1927-ல் கொண்டுவந்த முதல் மசோதா, இந்துக்களிடையே பன்னிரண்டு வயதுக்குக் கீழே நடக்கும் பெண்ணின் கல்யாணம் செல்லாது என்றது. செலக்ட் கமிட்டி அதை எல்லா மதத்தினருக்கும் ஆக்கியது, வயதை உயர்த்தியது, ஆனால் ‘செல்லாது’ என்பதை எடுத்துவிட்டது. காரணம் கல்நெஞ்சம் அல்ல. தாலி ஏறிய பெண்ணின் கல்யாணத்தைக் கோர்ட் ரத்து செய்தால் அந்தக் காலத்தில் அவளை மறுபடி யார் கட்டுவார்கள்? அவளைக் காப்பாற்றக் கல்யாணத்தைக் காப்பாற்றினார்கள். அதன் பிறகு அபராதம் கல்யாணச் செலவில் இன்னொரு வரி ஆனது.

ஓட்டை போட்டவர்கள்

ராத்போன் காலத்துக் கணக்கு ஒன்று இருக்கிறது. சட்டம் வந்ததிலிருந்து 1932 ஆகஸ்ட் வரை நாடு முழுக்க 473 வழக்குகள். 167-ல் தண்டனை, 207-ல் விடுதலை, மற்றவை பெரும்பாலும் நிலுவை. தண்டனை பெற்றவர்களில் சிறைக்குள் போனவர்கள் 17 பேர். இதை 1 கோடியே 22 லட்சத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்த ஓட்டைகளைப் போட்டவர்கள் வைதிகர்கள் என்று எழுதிவிட்டால் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும். சபையில் கடுமையாக எதிர்த்தவர்களில் நம் மாகாணத்து எம்.கே. ஆச்சார்யா ஒருவர் என்பது உண்மை. ஆனால் அவர் பக்கம் விழுந்தவை 14 வாக்குகள். எட்டாவது முதல் பதினோராவது வரையுள்ள பிரிவுகளோடு மசோதாவை நிறைவேற்றியது அந்த 67 பேர். அவர்களுக்கும் பயங்கள் இருந்தன. காலனி போலீஸ் கல்யாண வீட்டுக்குள் நுழைந்தால் மாமூலும் மிரட்டலும்தான் மிஞ்சும் என்பது ஒரு பயம். வேண்டாதவர்கள் பொய்ப் புகார் கொடுத்து மானத்தை வாங்குவார்கள் என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான பயங்கள். போலீஸைத் தள்ளிவைத்தது, கலெக்டரிடம் அனுப்பியது, பூர்வாங்க விசாரணை, ஜாமீன் எல்லாம் தனித்தனியே பார்த்தால் நல்ல எண்ணத்தில் வைத்த காவல்கள். சேர்த்துப் பார்த்தால், பந்தலில் இருக்கும் பெரியவர்கள் அத்தனை பேருக்கும் காவல் இருந்தது, மணையில் இருக்கும் குழந்தையைத் தவிர. அரசாங்கமும் முனைப்புக் காட்டவில்லை. சட்டம் பற்றி ஊர்ப்புறங்களுக்குத் தெரிவிக்க அது எதுவும் செய்யவில்லை என்று ஜவஹர்லால் நேரு குற்றம் சாட்டினார். சட்டம் அமலுக்கு வந்த அதே ஏப்ரலில் உப்புச் சத்தியாக்கிரகம். வைதிகர்களையும் மௌல்விகளையும் அந்த நேரத்தில் பகைத்துக்கொள்ள அரசுக்கு விருப்பம் இருந்திருக்காது.

அப்படியானால் சட்டம் வீணா? அப்படியும் சொல்ல முடியவில்லை. முத்துலட்சுமி ரெட்டி 1928-ல் சென்னைச் சட்டசபையில் பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடும் பெண்ணுக்குப் பதினாறு வயதுக்கு மேல் என்றது. இவர்கள் கேட்டதைவிடக் குறைவாகவே சாரதா சட்டம் தந்தது. ஆனால் சாஸ்திரம் ருது என்ற இடத்தில் சட்டம் ஓர் எண்ணை வைத்தது. எண்ணை உயர்த்தலாம். 1949-ல் பெண்ணுக்கு 15. 1978-ல் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. ஜாமீன் பிரிவை 1949-லேயே எடுத்துவிட்டார்கள். போலீஸ் விசாரிக்க 1978-ல் வழி வந்தது. ஆனால் வாரண்ட் இல்லாமல் கைது செய்ய அப்போதும் முடியவில்லை. 2006-ல் வந்த புதுச் சட்டம் பழையதை ரத்து செய்து, வாரண்ட் இல்லாமல் கைது, ஜாமீனில் விட முடியாத குற்றம், இரண்டு வருடம் வரை கடுங்காவல் என்று இறுக்கியது. தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலர்களுக்குத் தடுப்பு அதிகாரி என்ற பொறுப்பு வந்தது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்பவர் ஜாமீன் எழுத வேண்டியதில்லை. ஒரு சட்டத்தின் கடைசிப் பக்கங்களைச் சரிசெய்ய எழுபத்தேழு வருடம் ஆயிற்று.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இருபது முதல் இருபத்துநான்கு வயதுப் பெண்களில் பதினெட்டுக்கு முன் மணமானவர்கள் இந்தியாவில் 23.3 சதவீதம், தமிழ்நாட்டில் 12.8. பிறப்புச் சான்றிதழும் பள்ளிக்கூடமும் இல்லாமல் வெறும் சட்டத்தால் இந்த அளவுக்குக் குறைந்திருக்காது.

பெரிய ஓட்டை இன்னும் பாதிதான் அடைந்திருக்கிறது. 2006 சட்டத்தின் கீழும் பெரும்பாலான குழந்தை மணங்கள் தாமாகச் செல்லாமல் போவதில்லை. கர்நாடகம் முதலில் தன் திருத்தத்தின் மூலம் செல்லாது என்று ஆக்கியது. பெரும்பாலான மாநிலங்களில், கட்டிவைக்கப்பட்டவர் ரத்து கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். மேஜராகி இரண்டு வருடம் முடிவதற்குள். பதினைந்து வயதில் மணமாகி, இரண்டு பிள்ளைகளோடு புகுந்த வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அந்தக் கெடு இருபது வயதில் முடிகிறது. 1929-ல் எதிர்வீட்டு மாமா செய்ய மாட்டாத வேலையை இப்போது அவளிடமே கொடுத்திருக்கிறோம். அடுத்த திருத்தத்தின் அடிக்குறிப்பு அந்தப் பிரிவில்தான் விழ வேண்டும்.